கட்டி கண்ட நாளும் சிகிச்சை முடிந்த நாளும்: திண்டுக்கல் ஜில்லாவை முன்வைத்து மார்பகப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சி

திண்டுக்கல் என்றதும் பூட்டை நினைப்பவர்களே அதிகம். ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சியாளரிடையே இந்த ஜில்லாவின் பெயர் வழங்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு தொடங்கி, அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தாரும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும் கூடி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளைக் கொண்டு, கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் (காடி) தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்வித்து, குறை கண்டவர்களில் தகுதியுடையோருக்கு அந்த வருகையிலேயே உறைநிலைச் சிகிச்சையும் அளித்து, இவ்வசதி பெறாத கிராமங்களோடு ஒப்பிட்டு, 2007இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட முடிவு யாதெனில், கருப்பைவாய்ப் புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்தது என்பதே.

இவ்வெற்றியைக் கண்டவர்கள், அதே முறையை மார்பகத்துக்கும் நீட்டிவிட்டால் அதே பலன் கிட்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று 30 வயது கடந்த பெண்களுக்கு இரண்டு சோதனைகளும் ஒருங்கே நடைபெறுவதற்கும் இவ்வெண்ணமே ஆதாரம் போலும். எண்ணம் நல்லதே, ஆயினும் இரு நோய்களின் சுபாவமும் ஒன்றல்ல. கருப்பைவாயில் புற்று உண்டாவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றும் மாறுதலைக் கண்டு, அதை அங்கேயே அழித்துவிட முடிகிறது. மார்பகத்திலோ, கைக்குத் தட்டுப்படும் கட்டி புற்றாக இருக்குமானால், அது ஏற்கெனவே உருவாகிவிட்ட நோயே. ஆகவே அங்கே சோதனை சிகிச்சையோடு முடிகிறது. இங்கே சோதனையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

மார்பகத்தில் சோதனை மட்டும் போதாது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியம் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளிலிருந்து வந்தது. ஆலைகள் சூழ்ந்த நம் பகுதிக்கு அது அந்நியமான கதையுமல்ல. அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளரைப் பிரித்து, ஒரு பாதியினருக்குத் தம் மார்பைத் தாமே தடவிப் பார்க்கும் முறையைச் சிரத்தையோடு கற்பித்தும், மரண எண்ணிக்கையில் இரு பாதியினருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை என்று 2002இல் அறிவித்தார்கள். பம்பாயில் 1998 முதல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடையே, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்த ஆராய்ச்சியின் முடிவு 2021இல் வெளிவந்தது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவோர் குறைந்தனர்; 50 வயதுக்கு மேற்பட்டோரில் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்தது; அதற்கு இளையோரிடம் அத்தகைய பலன் தெரியவில்லை. பயிற்சி பெற்ற கை வீண்போகவில்லை என்பதே என் வாசிப்பு. மேனாட்டைவிட ஏறத்தாழ பத்தாண்டு இளமையிலேயே இந்நோய் நம் பெண்களைப் பற்றுவதாலும், இளம் மார்பின் அடர்ந்த திசுவில் மாமோகிராம் படம் தெளிவு குறைவதாலும், ஊர்தோறும் அக்கருவியை நிறுத்துவதே பரிகாரம் என்ற வாதத்தை நான் ஏற்கத் தயங்குகிறேன்.

2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளானார்கள். 98,000 பேர் மாண்டார்கள் என்பது சர்வதேச மதிப்பீடு. ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் இங்கே நூற்றுக்கு 66 என்றும், அமெரிக்காவில் 90 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்விரு எண்களையும் ஒப்பிடுகையில் ஓர் எச்சரிக்கை தேவை. உயிர்வாழ்வு, நோய் நிர்ணயமான தேதியிலிருந்து எண்ணப்படுவதால், நோயை முன்கூட்டி அறிந்துவிட்டாலே, மரணம் ஒரு நாளும் தள்ளிப்போகாதபோதும், கணக்கு நீண்டு தோன்றும். அதைவிட முக்கியமாக, நிர்ணயத்துக்கு முன் வீட்டில் கழிந்த மாதங்கள் இக்கணக்கில் ஏறுவதே இல்லை.

அந்த மாதங்களைத்தான் நாம் ஆராய வேண்டும். தாடிக்கொம்பிலிருந்து வேடசந்தூர் செல்லும் வழியில் நூற்பாலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். குளிக்கையில் தட்டுப்பட்டது புளியங்கொட்டை அளவுக் கட்டி, வலியில்லை. வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். வலியின்மையே அவளை ஏமாற்றுகிறது. ஷிப்டு போனால் கூலி போகும்; புருஷனிடம் சொல்லக் கூச்சம்; மாமியாரிடம் சொன்னால், “பால் கட்டியிருக்கும், பத்துப் போடு” என்பாள். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தன்வந்திரி சந்நிதியில் வேண்டிக்கொள்வதும் நடக்கும். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, அதற்கும் திசுப்பரிசோதனைக்கும் விரோதம் எதுவுமில்லை. மார்பை அடியோடு எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. அது ஆதாரமற்ற பயமுமல்ல. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த, தசையோடு அகற்றும் முறையே பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. கட்டியை மட்டும் நீக்கிக் கதிரியக்கம் அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று பிஷர் குழுவினர் 1985இல் நிறுவியது ஆலைவாசல் வரை வந்து சேரவில்லை.

அவள் துணிந்து வந்தபின்னும் பாதை நீளம். ஊசிவழியே திசு எடுத்து, இரு ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்2 புரதத்தையும் பார்த்தாக வேண்டும். மூன்றும் இல்லாத வகை நம் பெண்களிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதற்கு ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை. பின்பு அறுவை, மூன்று வாரத்துக்கொரு கீமோ, வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் கதிரியக்கம். கதிரியக்கத்துக்கு, அதாவது ஊர்ப்பேச்சில் ‘கரண்டு வைக்க’, மதுரைக்குப் போய்வரும் பெண்ணுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். இழந்த கூலியை யார் தாங்குவது? பாதியில் நின்றுபோகும் சிகிச்சைக்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் தொடங்கிய முயற்சி, நோயாளிகளில் நூற்றுக்கு 60 பேராவது ஆரம்ப நிலையில் கண்டறியப்பட வேண்டும், 60 நாளுக்குள் நிர்ணயம் முடிய வேண்டும், 80 பேர் சிகிச்சையை முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. எத்தனை பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள் என்ற எண் இம்மூன்றில் எதற்கும் விடையாகாது. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் கட்டி கண்ட தேதி, திசு முடிவு வந்த தேதி, முதல் கீமோ தேதி, கடைசிக் கதிரியக்கத் தேதி என நான்கு பத்திகளைச் சேர்ப்பதற்குப் புதிய கருவியோ கட்டடமோ வேண்டியதில்லை. காடித் துளியைக்கொண்டு உலகுக்கு ஒரு விடை தந்த ஜில்லா, இவ்விரண்டாவது விடையைத் தேடுவதற்கும் தகுதியான களமே.