எதிரியின் கல்லறை

டோவரில் கப்பலேறி, வாடகைக்கு எடுத்த காம்பர்வானில் மூன்று நாட்கள் பெல்ஜியத்தின் ஃபிளான்டர்ஸ் பகுதியில் சுற்றித் திரிந்தோம். கடற்கரையில் ஆறுதலாக இருந்துவிட்டு வருவதுதான் எண்ணம். ஆனால் ஈப்பர் நகரை அண்டிய தெருக்களில் வானை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மயானம் எதிர்ப்பட்டது. முதலாம் உலகப் போரில் நான்கு ஆண்டுகள் போர்முனை இந்த நகரின் வாசலில் கிடந்தது. 1918இல் எஞ்சியது இடிபாடு மட்டுமே. இன்று நாம் காணும் பழைமையான வீதிகள் எல்லாம் பிறகு கட்டப்பட்டவை.

இரவு எட்டு மணிக்கு மெனின் வாயிலில் நின்றோம். 1927இல் திறக்கப்பட்ட அந்த வளைவின் சுவர்களில், உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. பிரித்தானிய இந்திய இராணுவத்தினரின் பெயர்களும் அவற்றில் உண்டு. அவ்வளவு பெரிய வாயிலிலும் இடம் போதாமல், மேலும் ஏறத்தாழ 35,000 பெயர்களை டைன் கொட் மயானச் சுவரில் பொறித்தார்கள். 1928 முதல் இங்கே மாலைதோறும் ஊதுகொம்பு ஒலிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது அது நின்றது. 1944 செப்டெம்பர் 6, ஊர் விடுபட்ட அன்று மாலையே மறுபடி ஒலித்தது.

வென்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நினைவுகூர்வதில் வியப்பில்லை. நான் எதிர்பாராதது மறுநாள் காலை விளாட்ஸ்லோவில் கண்டது. மரநிழலில், தரையோடு தரையாகப் பதித்த கற்களின் கீழ் 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் கிடக்கிறார்கள். ஓரத்தில் முழந்தாளிட்ட ஒரு தாயும் தந்தையும், கல்லில். செதுக்குவித்தவர் ஜெர்மன் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கொல்விட்ஸ். அவருடைய மகன் பீட்டர் 1914 ஒக்டோபரில் இந்த மண்ணில் இறந்தபோது வயது 18. படையில் சேரத் தந்தையின் சம்மதம் தேவைப்பட்டது. தயங்கிய கணவரை இணங்க வைத்தவர் கேத்தேதான். சிலைகள் முடிய 1932 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில், அடுத்த போரில், பேரனையும் இழந்தார். அவன் பெயரும் பீட்டர்.

"அப்பா, இவங்கள்தானே இந்த நாட்டுக்குள்ள வந்து அடிச்சவங்கள்? பிறகேன் இவங்களுக்கு இங்க கல்லறை?" என்று கேட்டாள் மகள்.

விடையின் ஒரு பாதி சட்டத்தில் இருக்கிறது. 1919 வெர்சாய் உடன்படிக்கையின் 225ஆவது பிரிவு, தத்தமது மண்ணில் புதைக்கப்பட்ட வீரர்களின் கல்லறைகள் மதிக்கப்பட்டுப் பேணப்படுவதை இரு தரப்பு அரசுகளின் கடமையாக்கியது. மறு பாதி எந்தத் தாளிலும் இல்லை. 1940இல் அதே நாடு இரண்டாம் முறை படையெடுத்து வந்தது. அதற்குப் பிறகும் பெல்ஜியர்கள் இந்தக் கல்லறைகளை உழுது தள்ளவில்லை. சிதறிக் கிடந்த ஜெர்மன் புதைகுழிகளை 1950களில் சில பெரிய மயானங்களில் ஒன்றுசேர்க்க இடம் கொடுத்தார்கள். கொல்விட்ஸின் சிலைகள் விளாட்ஸ்லோவுக்கு வந்ததும் அப்போதுதான்.

கோப்பாயை நினைக்காமல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. அங்கிருந்த துயிலும் இல்லம் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போனபின் ஒருமுறை இடிக்கப்பட்டது. சமாதான காலத்தில் மீண்டும் எழுந்தது. 2009க்குப் பிறகு மறுபடி தரைமட்டமாயிற்று. 2011இல் அந்த நிலத்தில் படைத் தலைமையகம் திறந்தார்கள். அங்கே கிடந்தவர்களின் அரசியலில் நமக்குள் ஆயிரம் பிணக்கு இருக்கலாம். விளக்கேற்ற வரும் தாய்க்கு அந்தப் பிணக்கு இல்லை.

ஆனால் விளாட்ஸ்லோ நம்மிடமும் கணக்குக் கேட்கிறது. 1986இல் தமிழர் கையால் கொல்லப்பட்ட மாற்று இயக்கப் பிள்ளைகளுக்கு நாம் எங்கே கல் நட்டோம்? அவர்களின் தாய்மார் எந்த நாளில், எந்த இடத்தில் விளக்கேற்றினார்கள்? எதிரி நம் கல்லறைகளை இடித்ததைச் சொல்லும் அதே வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலே நோக்கித் திரும்பும் வழியில், "ஊருக்குப் போனால் கோப்பாயைக் காட்டுங்கோ" என்றாள் மகள். காட்டுகிறேன் என்றேன். முகாமின் வேலியை வெளியே வீதியில் நின்று காட்டலாம். மற்றவர்களுக்கு அந்த வேலிகூட இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.