தனிக்கூடு: ஒரு சாதாரணப் பெட்டியின் வரலாறு

போதைப்பொருள் பற்றி எங்க கதைச்சாலும் இடையில் ஒரு எலிக்கதை வந்துவிடும். கூட்டுக்குள் ஒரு எலி. அதற்கு முன்னால் இரண்டு போத்தல்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் மோர்ஃபின் கலந்த தண்ணீர். தனிய இருக்கிற எலி மோர்ஃபினைத் தேடித்தேடிக் குடிக்கும். கூட்டாளிகளோட பெரிய இடத்தில் இருக்கிற எலி அதைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே போதைக்குக் காரணம் தனிமைதான் எண்டு கதை முடியும். 2015 இல் ஜொஹான் ஹரி என்ற எழுத்தாளர் டெட் மேடையில் இதைச் சொன்ன பிறகு கதை இன்னும் வேகமாகப் பரவியது.

கதை பொய்யில்லை. ஆனால் அது அரைவாசிக் கதைதான். மற்ற அரைவாசி தெரியவேணுமெண்டால் எலியைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அது இருந்த கூட்டைப் பார்க்கவேணும்.

ஆய்வுகூட எலியைத் தனித்தனிக் கூட்டில் வைப்பதற்கு வசதியான காரணங்கள் இருந்தன. எந்த எலி எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு குடித்தது எண்டு இலகுவாக அளக்கலாம். ஒன்றையொன்று கடிக்காது. ஒன்றின் வருத்தம் மற்றதுக்குத் தொற்றாது. பரிசோதனையில் நாங்கள் மாற்றுகிற விஷயத்தைத்தான் உற்றுக் கவனிப்போம். எல்லா எலிக்கும் பொதுவாக இருக்கிறதைக் கவனிக்கமாட்டோம். தனிக்கூடு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. அதனால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முதலில் அதில் சந்தேகத்தைக் கிளப்பியவர்களில் ஒருவர் கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப். 1940களில் அவர் சில எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லப்பிராணிகளாக வளர்த்தார். அவை வீட்டுக்குள் ஓடித் திரிந்தன. பிறகு சோதித்துப் பார்த்தபோது, ஆய்வுகூடத்திலேயே வளர்ந்த எலிகளைவிட இவை புதிர்களை நன்றாகத் தீர்த்தன.

இதை 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முறையாகச் செய்து பார்த்தார்கள். மார்க் ரோசன்ஸ்வைக், எட்வர்ட் பென்னெட், டேவிட் கிரெச், மரியன் டயமண்ட் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். சில எலிகள் விளையாட்டுப் பொருட்களோடும் கூட்டாளிகளோடும் பெரிய கூட்டில் வளர்ந்தன. வேறு சில சிறிய கூட்டில் தனியே வளர்ந்தன. 1964 இல் முடிவு வெளியானது: கூட்டமாக வளர்ந்தவற்றின் மூளை மேற்பட்டை தடிப்பாக இருந்தது. அனுபவம் மூளையின் உடலமைப்பையே மாற்றும் எண்டது அந்தக் காலத்தில் கனபேர் ஏற்காத கருத்து.

அந்தப் பெரிய கூட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வளமூட்டப்பட்ட சூழல்'. யோசிச்சுப் பாருங்கோ. வயலிலோ சாக்கடையிலோ வாழும் எலிக்கு நிலத்துக்கடியில் வளைகளும், கூட்டமும், குட்டிகளும், எதிரிகளும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் 'வளமான' கூடே ஒரு ஏழை வீடுதான். அப்படியெண்டால் அந்த ஆய்வை மற்றப் பக்கத்தாலும் வாசிக்கலாம்: விளையாட்டுப் பொருள் மூளையைத் தடிப்பாக்கியது எண்டதை விட, தனிக்கூடு அதை மெலியவைத்தது எண்டு.

மூளையின் இரசாயனத்துக்கு வருவோம். இத்தாலியின் மிலான் நகரில் மரியோ நெக்ரி நிறுவனம் என்றொரு மருந்தியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சில்வியோ கரட்டினி, லூயிஜி வல்செல்லி போன்றவர்கள் ஆண் சுண்டெலிகளைச் சில வாரங்கள் தனியாக அடைத்து வைத்தார்கள். பிறகு இன்னொரு சுண்டெலியைக் காட்டினால் கனவற்றுக்கு வெறி பிடித்ததுபோல் பாய்ந்து கடித்தன. பெண் சுண்டெலிகள் அப்படி மாறவில்லை. 1967 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை செரட்டோனின் பற்றியது. தனிமைப்பட்ட மூளையில் செரட்டோனினின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது உண்டாகி, பாவிக்கப்பட்டு, உடைந்து போகும் வேகம் குறைந்திருந்தது. ஒரு தண்ணீர்த் தாங்கியை நினைத்துக் கொள்ளுங்கள். மட்டம் அதேதான், உள்ளே வருவதும் வெளியே போவதும் மந்தமாகிவிட்டது. மட்டத்தை மட்டும் அளந்திருந்தால் எல்லாம் சரி எண்டுதான் தோன்றியிருக்கும்.

அந்தக் காலத்தில் இந்தச் 'சண்டைச் சுண்டெலி' மருந்து ஆராய்ச்சியில் ஒரு கருவியாகவும் பயன்பட்டது. தனிமையில் வைத்து வெறியேற்றுவது, புதிய சாந்தப்படுத்தும் மருந்தைக் கொடுப்பது, வெறி அடங்குதா எண்டு பார்ப்பது. கூட்டைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் எண்டது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் புரூஸ் அலெக்சாண்டர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக உளவியலாளர். அவருடைய காலத்தில் பிரபலமான பரிசோதனை ஒன்று இருந்தது: தனிக்கூட்டு எலியின் இரத்தக்குழாயில் ஒரு குழாயைப் பொருத்திவிடுவார்கள், நெம்புகோலை அழுத்தினால் போதைமருந்து உள்ளே போகும். எலி திரும்பத் திரும்ப அழுத்தும். மருந்துக்கே அப்படியொரு பிடி இருக்கு, ஒருதரம் தொட்டால் தப்ப ஏலாது எண்டு இதிலிருந்து முடிவெடுத்தார்கள். வன்கூவரில் ஹெரோயின் பாவிப்பவர்களோடு வேலை செய்திருந்த அலெக்சாண்டருக்கு அது சரியாகப் படவில்லை.

அவரும் சகாக்களும் ஒட்டுப்பலகையால் கிட்டத்தட்ட ஒன்பது சதுர மீற்றரில் ஒரு பெட்டி செய்தார்கள். சுவரில் காட்டுக் காட்சி வரைந்தார்கள். மரத்தூளும் தகர டின்களும் போட்டு, ஆணும் பெண்ணுமாக எலிகளை விட்டார்கள். அதுதான் எலிப் பூங்கா. மோர்ஃபின் கசக்கும் எண்டதால் சீனி சேர்த்தார்கள். 1978 இல் வெளியான ஆய்வில் 57 நாட்கள் மோர்ஃபின் தண்ணீரையே பிரதான பானமாகக் கொடுத்து, இடையிடையே சில நாட்களில் விரும்பியதைக் குடிக்க விட்டார்கள். அந்தத் தெரிவு நாட்களில் தனிக்கூட்டு எலிகள்தான் கூடுதலாக மோர்ஃபின் குடித்தன.

பெரிய சஞ்சிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன என்றும், சில வருடங்களில் ஆய்வுக்கான பணமும் நின்றுபோனது என்றும் அலெக்சாண்டர் பின்னர் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதி கேட்க நல்லாயிருக்கும்: தனி மனிதன், எதிர்க்கும் அதிகாரம். ஆனால் இதோடு நிறுத்தக்கூடாது. பூங்காவுக்கும் தனிக்கூட்டுக்கும் வித்தியாசம் தனிமை மட்டுமில்லை. இடம், விளையாட்டு, துணை, குட்டிகள் எல்லாமே வித்தியாசம். எது காரணம் எண்டு எப்படிப் பிரிக்கிறது? 1996 இல் இதே கேள்வியைத் திரும்பச் சோதித்த இன்னொரு ஆய்வில் அதே முடிவு கிடைக்கவில்லை. எலியின் வம்சம் மாறியதும் காரணமாக இருக்கலாம் எண்டு அந்த ஆய்வு சொன்னது. 'தனிமைதான் போதை' எண்டு ஒற்றை வரியில் முடிக்கிற ஆட்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, அப்ப எலிப் பூங்கா பிழையா? அதன் பதில் சரியோ பிழையோ, கேள்வி சாகவில்லை. அது பிறகு எதிர்பாராத இடத்தில் திரும்பி வந்தது.

ஜிலியன் மத்தியூஸ் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கொக்கெயின் மூளையை எப்படி மாற்றுது எண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழுச் சுண்டெலிக்கு மருந்து, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு மருந்து இல்லாத ஊசி. இரண்டும் 24 மணிநேரம் தனிய இருந்தன. மருந்து ஏறாத சுண்டெலிகளிலும் மூளைத்தண்டுப் பக்கத்திலுள்ள ஒரு சிறு டொபமின் நரம்புக்கூட்டத்தின் இணைப்புகள் வலுத்திருந்தன. காரணம் அந்த ஒரு நாள் தனிமை. பிறகு எம்ஐடியில் கே டையோடு சேர்ந்து 2016 இல் அதை வெளியிட்டார். அந்த நரம்புகளைத் தூண்டினால் சுண்டெலி மற்றச் சுண்டெலிகளைத் தேடிப் போகும். பசி சாப்பாட்டைத் தேட வைப்பதுபோல, தனிமையும் கூட்டத்தைத் தேட வைக்கிறது.

ஆனால் தனிமை நீண்டால் கதை மாறும். 2018 இல் கல்டெக் நிறுவனத்தில் மொரியல் செலிகோவ்ஸ்கியும் டேவிட் அண்டர்சனும் இரண்டு வாரம் தனிய வைத்த சுண்டெலிகளைப் பார்த்தார்கள். சண்டை கூடியது, பயம் வந்தால் போக நேரமெடுத்தது. மூளையின் பல பகுதிகளில் டக்கிகைனின் 2 எண்ட இரசாயனம் கூடியிருந்தது. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது இந்த மாற்றங்கள் குறைந்தன. ஒரு நாள் தனிமை கூட்டத்தை நோக்கித் தள்ளுது. இரண்டு வாரத் தனிமை கூட்டம் வந்தாலும் கடிக்க வைக்குது.

வயதும் முக்கியம். 2012 இல் பொஸ்டனில் செய்த ஆய்வில், தாய்ப்பால் மறந்த உடனே இரண்டு வாரம் தனிமைப்பட்ட குட்டிகளின் முன்மூளையில் நரம்பைச் சுற்றும் மயலின் உறை மெல்லியதாக இருந்தது. பிறகு கூட்டத்தோட விட்டும் அது சரிவரவில்லை. அந்த வயதைக் கடந்த பிறகு தனிமைப்படுத்தியவற்றில் அந்தப் பாதிப்பு இல்லை.

அலெக்சாண்டரின் கேள்விக்கும் 2018 இல் ஒரு சுத்தமான வடிவம் கிடைத்தது. பால்டிமோரில் மார்கோ வெனிரோவும் யவின் ஷஹாமும் எலிக்கு இரண்டு தெரிவு வைத்தார்கள்: ஒன்றை அழுத்தினால் போதைமருந்து, மற்றதை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலி. மருந்துக்குப் பழகியவை உட்படப் பெரும்பாலான எலிகள் கதவைத்தான் தெரிவுசெய்தன.

எலி மனிசர் இல்லை. சுண்டெலிக்குக் கடன் இல்லை, சிறை இல்லை, ஊர்வாய் இல்லை. இந்த ஆய்வுகளை வைத்து ஒரு ஆளின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுத ஏலாது. ஆனால் இந்த வரலாறு எங்கட யோசனைக்கு ஒரு பழக்கத்தைத் தருகிறது. ஒருவர் கோபக்காரராகிறார், பயந்து ஒதுங்குகிறார், போதைக்குள் விழுகிறார் எண்டால் நாங்கள் உடனே அவருக்குள்ளே காரணம் தேடுகிறோம், அல்லது மருந்தில் தேடுகிறோம். அவர் எந்தக் கூட்டில் இருந்தார், எவ்வளவு நாள், எந்த வயதில் எண்டு கேட்பதில்லை.

விஞ்ஞானம் இதைக் கேட்கப் பழக அரை நூற்றாண்டு எடுத்தது. 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வுகூட விலங்குப் பராமரிப்பு வழிகாட்டி, கூட்டமாக வாழும் விலங்கைக் கூட்டமாகத்தான் வைக்கவேணும், தனியே வைக்கிறதெண்டால் அதற்குக் காரணம் காட்டவேணும் எண்டு சொல்கிறது. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், கைதியை 15 நாளுக்கு மேல் தொடர்ந்து தனிச்சிறையில் வைப்பதைத் தடைசெய்தன. அவை சுண்டெலியைப் பார்த்து எழுதியவை இல்லை. ஆனாலும் இரண்டிலும் பொறுப்பு ஒரே பக்கம்தான் போய் விழுகுது: தனியே வைக்கிறவர்தான் காரணம் சொல்லவேணும்.