அகதியும் கதியும்: பீடோங் தீவு தரும் பாடம்

'அகதி' வடமொழி வழியே தமிழுக்கு வந்த சொல். கதி என்பது புகலிடத்தையும் செல்லும் வழியையும் குறிக்கும். இரண்டும் அற்றவரே அகதி.

இச்சொல்லின் பொருளை நம் நாடு நேரிற் கண்ட இடம், திரங்கானுக் கரைக்கு அப்பாலுள்ள பீடோங் தீவு. 1978 ஆகஸ்டில் வியட்நாமியப் படகு அகதிகளுக்கான முகாம் அங்கே திறக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் நடுவில் ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 40,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர். அதே ஆண்டில் பல படகுகள் கடலுக்கே திருப்பி அனுப்பப்பட்டன என்பதையும் வரலாறு மறைத்தலாகாது.

எனினும், உணவும் குடிநீரும் நாள்தோறும் கரையிலிருந்து தேவைப்பட்டன. மலேசியச் செம்பிறைச் சங்கத்தார் அப்பணியில் முன்னின்றனர். தொண்டர்களும் அகதிகளுள் கற்றோரும் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பித்தனர். உணவு அன்றைய உயிரைக் காத்தது. மொழி, குடியேறவிருந்த நாட்டுக்கு ஆயத்தப்படுத்தியது. கதியின் இருபொருளும் இவ்வாறு நிறைவெய்தின. முகாம் 1991இல் மூடப்பட்டது.

இன்றும் நம் அரசுப் பள்ளிகளில் அகதிச் சிறார்க்கு இடமில்லை. தொண்டர்கள் நடத்தும் கற்றல் மையங்களே அவர்களுக்குப் பள்ளி. வாரம் ஒருமணி நேரம் அங்கே மொழி கற்பிப்பது, மொழியை நேசிக்கும் நம் எவர்க்கும் இயலும் அறமாகும்.