கை கூப்பிய கூரைகள்: ஷிரகவாகோ எப்படித் தப்பியது?

ஜப்பான் என்றதும் காலண்டர்களில் வரும் ஒரு படம் உண்டு. பனி மூடிய பள்ளத்தாக்கு, அதில் உயரமான புல் கூரை வீடுகள், ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். கிஃபு மாநிலத்தின் மலைகளுக்கு நடுவே, ஷோ ஆற்றங்கரையில் இருக்கும் ஷிரகவாகோதான் அது. இங்குள்ள ஒகிமாச்சி என்ற ஊரையும், பக்கத்து கொகயாமா பகுதியின் இரண்டு ஊர்களையும் யுனெஸ்கோ 1995ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. இந்த வீடுகளுக்கு 'காஷோ-சுகுரி' என்று பெயர். காஷோ என்றால் கை கூப்புதல். கூரையைப் பக்கவாட்டில் பார்த்தால் கும்பிடுகிற இரண்டு கைகள் மாதிரியே இருக்கும்.

இதே மாதிரி வீடுகள் அந்த மலைப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் இருந்தன. பெரும்பாலானவை போய்விட்டன. ஒகிமாச்சி மட்டும் எப்படி ஊராகவே நின்றது? இந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

முதலில் கூரை. கிட்டத்தட்ட 60 டிகிரி சரிவு. ஆள் உயரத்தைத் தாண்டிப் பனி கொட்டுகிற இடம் இது. ஈரமான, கனமான பனி. கூரை தட்டையாக இருந்தால் வீடே உட்கார்ந்துவிடும். அநேகமாக எல்லா வீடுகளும் பள்ளத்தாக்கின் போக்கிலேயே, வடக்கு தெற்காக நிற்கின்றன. காலை வெயில் ஒரு சரிவில், மாலை வெயில் இன்னொரு சரிவில். இரண்டு பக்கமும் காய்ந்தால்தான் புல் சீக்கிரம் மக்காது. கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது. கயிறும், நெகிழ்வான இளங்கிளைகளும்தான் கட்டு. காற்றும் பனியும் அழுத்தும்போது கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

கூரை இவ்வளவு உயரமாக இருப்பதற்குப் பனி மட்டும் காரணமில்லை. இங்கே நெல் விளைகிற சமநிலம் ரொம்பக் குறைவு. அதனால் கூரைக்கு உள்ளே இருந்த இடத்தை இரண்டு மூன்று பரண்களாகப் பிரித்துப் பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே அடுப்பு எரியும். அந்தச் சூடு மேலே புழுக்களுக்குப் போகும், புகை கூரைப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காக்கும்.

எனக்கு ஆச்சரியம் தந்தது தரைக்கு அடியில் நடந்த தொழில்தான். அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே குழி வெட்டி, மண், காட்டுச் செடிகள், பட்டுப்புழுவின் எச்சம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைத்தார்கள். சில வருடங்கள் கழித்து அந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, காய்ச்சினால் கிடைப்பது வெடியுப்பு. ஆமாம், துப்பாக்கி மருந்துக்கான மூலப்பொருள்! கொகயாமாவில் காகா பிரபுக்கள் இதை நேரடியாகத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். மெய்ஜி காலத்தில் வெளிநாட்டிலிருந்து மலிவான வெடியுப்பு வந்து இறங்கியதும் இந்தத் தொழில் படுத்துவிட்டது.

இந்தப் பெரிய வீடுகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆற்றின் மேல்பகுதி ஊர்களில் ஒரே கூரையின் கீழ் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். பிரித்துக் கொடுக்க நிலம் இல்லாததால், மூத்த மகன் மட்டுமே முறைப்படி கல்யாணம் செய்து மனைவியை வீட்டுக்கு அழைத்து வரலாம். தம்பிகளும் தங்கைகளும் கடைசிவரை அந்த வீட்டுக்கே உழைக்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தாய் வீட்டிலேயே வளர்ந்தார்கள். கூட்டுக்குடும்பம் என்று நாம் சிலாகிப்பதற்கு முன் இதையும் நினைவில் வைக்கணும்.

இனி முக்கியமான விஷயம். கூரைப் புல்லின் ஆயுள் சுமார் 30 முதல் 40 வருடம். மாற்றும்போது ஒரு பக்கத்துக்கே நூறு, இருநூறு பேர் வேண்டும். மழைக்கு முன் முடிக்கணும் என்பதால் ஒன்றிரண்டு நாளில் வேலை நடக்கும். எவ்வளவு பணக்காரக் குடும்பமானாலும் தனியாகச் செய்ய முடியாது. இதற்காக இருந்த ஏற்பாடுதான் 'யுயி'. இன்று உன் வீட்டுக்கு நான் வருகிறேன், நாளை என் வீட்டுக்கு நீ வா. யார் எத்தனை நாள் உழைத்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். நம்ம ஊர் மொய் நோட்டு மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள், பணத்துக்குப் பதில் உழைப்பு.

ஆக, அந்த ஊரில் ஒரு வீடு நிற்கணும்னா ஊரே இருக்கணும். ஊர் கலைந்தால் கூரையும் போய்விடும். அப்படித்தான் நடந்தது. 1961ல் முடிந்த மிபோரோ அணை மேல்பகுதி ஊர்களை மூழ்கடித்தது. 1967ல் கசுரா என்ற குக்கிராமத்தின் மக்கள் மொத்தமாக ஊரைக் காலி செய்தார்கள். பல வீடுகள் பிரிக்கப்பட்டு, வெளியூர்களில் உணவகங்களாகவும் காட்சிப் பொருள்களாகவும் மாறின. ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டாவுட் 1935லேயே இங்கு வந்து பார்த்து வியந்து எழுதியிருந்தார். ஆனால் வியப்பு கூரை வேயாதே!

1971ல் ஒகிமாச்சி மக்களே ஒரு சங்கம் வைத்து மூன்று விதிகள் போட்டுக்கொண்டார்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. கவனியுங்கள், அப்போது யுனெஸ்கோ கௌரவம் இல்லை, இப்போதைய கூட்டமும் இல்லை. ஊரை அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது 1976ல்தான். விற்றால் கையில் காசு கிடைக்கும் என்ற நிலையில் எடுத்த முடிவு அது. ஒகிமாச்சி பிழைத்ததற்கு என் பதில் இதுதான்.

இன்று அங்கே வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். மொத்தக் கிராமத்தின் மக்கள்தொகையோ இரண்டாயிரத்துக்கும் கீழே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டுத் தொங்குபாலம் வழியாக நடந்தால் வயல், ஓடை, துணி காயும் கொடி எல்லாம் தெரியும். ஒரு பொறி போதும், ஊரே எரிந்துவிடும் என்பதால் ஊர் முழுக்க 59 தண்ணீர்ப் பீரங்கிகள் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்ந்து திறந்து சோதிக்கும் காட்சி பிரபலம்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது கூரை வேலையில் பெரும்பகுதி அரசு மானியத்தில், கூலித் தொழிலாளர்கள் கையில். விவசாயம் சுருங்கி, சுற்றுலாதான் முக்கிய வருமானம். கூரை நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த நோட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஏறுவது நின்றுபோனால், மிச்சமிருப்பது ஊரா, ஊரின் படமா?

போகிறவர்கள் மலை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஏதாவது ஒரு வீட்டுக்குள் ஏறிப் பரணில் நின்று, புகையில் கறுத்த கயிற்று முடிச்சுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போட்ட முடிச்சு.