நடவாத கூட்டமும் எழுதிய குறிப்பேடும்

வணிக நிறுவனம் என்பது சட்டம் படைத்த ஓர் ஆள். அதற்கு வாயுமில்லை, கையுமில்லை. இயக்குநர்கள் பேசுவதே அதன் பேச்சு. உறுப்பினர் பதிவேடும் கூட்டக் குறிப்பேடுமே அதன் நினைவு. அவ்வேடுகளில் பொய் புகுந்துவிடின், உடைமை எவருடையது என்னும் வினாவே தலைகீழாகிவிடும். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுந்த இரு வழக்குகள் இதனை நன்கு விளக்குகின்றன.

தனியார் நிறுவனம் என்னும் வகையை ஆங்கிலச் சட்டம் முதன்முதல் வரையறுத்தது 1907ஆம் ஆண்டில். உறுப்பினர் தொகை ஐம்பதைத் தாண்டலாகாது. பொதுமக்களிடம் பங்கு விற்றலாகாது. பங்கை விரும்பியவர்க்கெல்லாம் மாற்றிக் கொடுக்கும் உரிமைக்கும் வரம்பு வேண்டும். உறவினரும் நண்பரும் நடத்தும் தொழிலில் அயலார் நுழையாதிருக்க இட்ட வேலி இது. வேலியின் வாயிலில் காவல் நிற்பவர்கள் இயக்குநர்கள். காவலரே முறைகேடாக உள்ளே வந்தவராயின் என் செய்வது?

ரியால்ட்டோ (வெஸ்ட் எண்ட்) லிமிடெட் என்னும் நிறுவனத்தில் இருவரே பங்குதாரர், இருவரே இயக்குநர். ஆளுக்கொரு பங்கு. அவர்களுள் ஒருவர் கான்சன். இருவர்க்குமிடையே மனக்கசப்பு மூண்டது. மற்றவர், மூன்றாமவர் ஒருவருடன் கூடிச் சூழ்ச்சி செய்தார். அந்த மூன்றாமவரை இயக்குநராக நியமித்ததாக 1940ஆம் ஆண்டில் ஒரு கூட்டக் குறிப்பு எழுதப்பட்டது. அத்தகைய நியமனம் நடக்கவேயில்லை. பின்னர், கான்சன் இயக்குநரே அல்லர் என்று காட்டவும் அவர்கள் முற்பட்டனர். 1941ஆம் ஆண்டில் நடத்தியிருக்க வேண்டிய பொதுக்கூட்டமும் நடைபெறவில்லை. ஆகவே அவ்வாண்டு முடிவில், முறையான இயக்குநர் உட்பட எவருக்கும் பதவி இல்லாது போயிற்று. 1942இல் அவ்விருவரும் மோரிஸ் என்பவரை இயக்குநராக்கி, மூவருமாக அமர்ந்து தங்களுக்குள் புதிய பங்குகளை ஒதுக்கிக் கொண்டனர்.

கான்சன் வழக்காடினார். 1944இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மோரிஸ் பிரபுக்கள் சபைக்குச் சென்றார். இயக்குநரின் நியமனத்தில் குறையிருந்தது பின்னர்த் தெரியவரினும் அவர் செய்த செயல் செல்லும் என்று 1929ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 143ஆம் பிரிவு கூறியது. அந்தப் பிரிவையே அவர் அரணாகக் கொண்டார். அந்த அரண் அவரைக் காக்கவில்லை. 1946இல் தீர்ப்புரைத்த சைமண்ட்ஸ் பிரபு, குறையுள்ள நியமனம் வேறு, நியமனமே இல்லாமை வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னதைச் சட்டம் செப்பனிடும். பின்னதில் செப்பனிடுவதற்கு என்ன இருக்கிறது?

மோரிஸுக்கு மற்றோர் ஊன்றுகோலும் இருந்தது. 1856ஆம் ஆண்டின் டர்குவாண்ட் வழக்குத் தந்த விதி அது. ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி, அந்நிறுவனத்தினுள் தீர்மானம் முறைப்படி நிறைவேறியதா என்று துருவிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஆனால் அச்சலுகை வெளியாருக்கு உரியது. தாமே இயக்குநராக அமர்ந்து பங்கு ஒதுக்கியவர், உள்ளே நடந்ததை நான் அறியேன் எனல் ஒவ்வாது. மோரிஸுக்கு இது கடுமையாகவே பட்டிருக்கும். எனினும், அவரைக் காப்பதாயின் அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர் ஒரு தவறும் செய்யாத கான்சனன்றோ!

இந்த வழக்கில் பொய்யான காவலர் தோற்றார். மெய்யான காவலரும் கொடியவராக இருத்தல் கூடும். ஸ்மித் அண்டு ஃபாசெட் நிறுவனத்தின் பங்குகள் 8,002. இரு இயக்குநரும் ஆளுக்கு 4,001 பங்கு வைத்திருந்தனர். ஒருவர் இறந்தார். அவர் பங்குகளைத் தம் பெயரில் பதியுமாறு மகன் கேட்டபோது, எஞ்சிய இயக்குநர் மறுத்தார். 2,000 பங்கைத் தாம் குறிக்கும் விலைக்குத் தமக்கே விற்றால், மீதி 2,001 பங்கைப் பதிந்து தருவதாகக் கூறினார். சரிசமமாக இருந்த தராசு இதனால் எப்பக்கம் சாயும் என்பதை மாணவரும் கணக்கிட்டறியலாம். 1942இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்மறுப்பைச் செல்லும் என்றது. நிறுவன நலன் கருதி நல்லெண்ணத்துடன் இயக்குநர் செய்யும் முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்றார் கிரீன் பிரபு. சட்டப்படி பிழையற்ற தீர்ப்பு. ஆயினும் நெஞ்சம் ஒப்ப மறுக்கிறது.

சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்கும் போக்கைத் தடுக்க, 1948ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தில் 210ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அது குறுகிய வழி. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 181ஆம் பிரிவில் அவ்வழியை அகலமாக்கிற்று. மிரியைச் சேர்ந்த கொங் தாய் மர ஆலை வழக்கில், 1978ஆம் ஆண்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகளே மலேசியப் பிரிவு ஆங்கிலப் பிரிவினும் விரிந்தது என ஏற்றுக்கொண்டனர். அதே உரிமை இன்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 346ஆம் பிரிவில் நிலைத்துள்ளது. செண்டிரியான் பெர்ஹாட் ஒன்றில் ஒடுக்கப்படும் பங்குதாரர் நீதிமன்றம் செல்லலாம். அவர் பங்குகளைத் தக்க விலைக்கு வாங்குமாறு மன்றம் ஆணையிடவும் செய்யலாம். 4,001 பங்குகளுக்கு வாரிசாகியும் 1942இல் வாயிலில் நின்ற அந்த மகனுக்கு இக்கதவு திறந்திருக்கவில்லை.