மாவு மில் பெற்ற பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் தனியார் பள்ளி என்றதும் நமக்கு ஈட்டனும் ஹாரோவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஹாரோவில் நேரு படித்ததால் அந்தப் பெயர் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வால்கோட்டும் விடுதி வாழ்க்கையும் பரம்பரைப் பணக்காரர்களுமாக அந்தப் படம் அப்படியே பதிந்திருக்கிறது. காலையில் பஸ் பிடித்துப் போய் சாயங்காலம் வீட்டுக்கே சாப்பிட வந்துவிடும் பையன்களுக்கான தனியார் பள்ளிகளும் அங்கே உண்டு. அவற்றில் மான்செஸ்டர் கிராமர் பள்ளியின் பிறப்புக் கதை மிக விசித்திரமானது. அது பிறந்தது ஒரு மாவு மில்லின் வருமானத்தில்.

ஹ்யூ ஓல்டம் மான்செஸ்டர் வட்டாரத்துக்காரர். திருச்சபையில் படிப்படியாக உயர்ந்து, 1505-ல் நாட்டின் தென்மேற்குக் கோடியில் உள்ள எக்ஸிடருக்கு ஆயரானார். ஊரை விட்டு எத்தனையோ தூரம் போய்விட்டாலும் ஊர் நினைப்பு போகவில்லை. லங்காஷயர் பிள்ளைகளுக்கு மூளைக்குக் குறைவில்லை, பெற்றோரிடம் காசுதான் இல்லை, அதனால் படிப்பில்லாமல் வீணாக வளர்கிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். படிப்பு என்றால் அப்போது லத்தீன் இலக்கணம்தான். பள்ளிப் பெயரில் உள்ள ‘கிராமர்’ அப்படி வந்ததே. பாதிரியாராகவோ வக்கீலாகவோ அரண்மனை எழுத்தராகவோ ஆக நினைத்தவனுக்கு அதை விட்டால் வேறு வாசல் கிடையாது.

பள்ளிக்கான அறக்கட்டளைப் பத்திரம் 1515 ஜூலை 2-ல் எழுதப்பட்டது. ஓல்டத்தோடு பெக்ஸ்விக் என்ற உள்ளூர்க் குடும்பமும் சேர்ந்துகொண்டது. பத்திரத்தில் ஜோன் பெக்ஸ்விக் என்ற விதவையின் பெயரும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கென்றே எழுந்த பள்ளியின் பிறப்பில் ஒரு பெண்ணுக்கும் பங்குண்டு என்பதைப் பலரும் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். கட்டடம் 1517-ல் தொடங்கி மறு ஆண்டே முடிந்தது. இடத்துக்கும் கட்டடத்துக்குமாக ஆன செலவு 218 பவுண்டு சொச்சம். அதில் பெரும்பகுதி ஆயரின் பையிலிருந்து வந்தது.

கட்டிவிட்டால் ஆயிற்றா? வாத்தியாருக்கு மாதாமாதம் யார் படி அளப்பது? நம்மூரில் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தார்கள். ஓல்டம் எழுதி வைத்தது மில்லை. ஊரை ஒட்டி ஓடிய இர்க் ஆற்றின் கரையில் தண்ணீர் விசையில் சுற்றும் தானிய மில்கள் இருந்தன. அவற்றை டி லா வார் பிரபுவிடமிருந்து அவர் முன்பே குத்தகைக்கு எடுத்திருந்தார். மில்லோடு ஒரு பழைய உரிமையும் கூடவே வந்தது. மான்செஸ்டரில் குடியிருக்கும் எவரும் தானியத்தையும், பீர் காய்ச்சுவதற்கான மால்ட்டையும் அந்த மில்களில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததற்குக் கூலியும் தர வேண்டும். அடுத்த ஊர் மில்லில் மலிவாக அரைத்துக் கொடுத்தாலும் அங்கே போகக் கூடாது.

ஆக, பள்ளியில் படிப்பு இலவசம். விதிமுறைகள் 1525-ல் இன்னும் கறாராக எழுதப்பட்டன. அந்தக் காலத்துப் பள்ளிகளில் ‘சேவல் காசு’ என்று ஒன்று உண்டு. தவக்காலத்துக்கு முந்தைய நாளில் சேவல் சண்டை நடக்கும், அதைச் சாக்கிட்டு வாத்தியார் பிள்ளைகளிடம் சில்லறை வசூலிப்பார். மான்செஸ்டரில் அந்தக் காசும் கூடாது, சேவல் சண்டையும் கூடாது என்று எழுதினார்கள். ஆசிரியர் சம்பளத்தைத் தவிர வேறு எதையும் கைநீட்டி வாங்கக் கூடாது. பையன் தரவில்லை, சரி. ஊர்தான் தந்தது, தன் ரொட்டியிலும் பீரிலும்.

ஊர் சிறியதாக இருந்தவரை இது பெரிய பாரமாகத் தெரியவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் துணி வியாபாரம் பெருத்து, மான்செஸ்டர் வீங்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான வாய்களுக்கான மாவையும் அதே மில்கள்தான் அரைத்தாக வேண்டும். வரிசை நீண்டது, மாவு மோசம் என்று புகார் எழுந்தது, வழக்குகள் குவிந்தன. பள்ளி மில்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய இருவரும் ஒல்லிப்பிச்சான்களாம். ஜான் பைரம் என்ற உள்ளூர்க் கவிஞர் ஒருவரை எலும்பு என்றும் மற்றவரைத் தோல் என்றும் பெயரிட்டு, ஊரைப் பட்டினி போடுகிறார்கள் என்று கிண்டல் பாட்டு கட்டிவிட்டார். எலும்பும் தோலுமாக வேண்டியது ஊர்க்காரர்கள்தானே என்று நமக்குச் சொல்லத் தோன்றும். 1757-ல் தானிய விலை ஏறி ஷூட்ஹில் சந்தையில் கலவரம் வெடித்தது, படையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரண்டே ஆண்டில், 1759-ல், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, மாவை எங்கே வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளலாம் என்று ஊரை விடுவித்தது. மால்ட்டுக்கு மட்டும் விடுதலை இல்லை. மான்செஸ்டர்காரன் பீர் குடிக்கும்வரை பள்ளிக்குப் பஞ்சமில்லை என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும், அந்தக் கணக்கு தப்பவும் இல்லை.

காசு சேர்ந்தால் ஆசையும் சேரும். ஊர்ப் பையன்களுக்கென்று எழுந்த பள்ளி, வெளியூர்ப் பணக்காரப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைக்கத் தொடங்கியது. தலைமையாசிரியரை இங்கே இன்றும் ‘ஹை மாஸ்டர்’ என்பார்கள். ஹை மாஸ்டரின் வீட்டிலேயே அவர்கள் தங்கினார்கள். அப்படித் தங்கியவர்களில் ஒருவர்தான் பிற்பாடு ஆங்கில உரைநடையில் பெயர் பெற்ற தாமஸ் டி குவின்சி. இங்கே மூன்றாண்டு படித்தால் ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்நோஸ் கல்லூரியில் உதவித்தொகை கிடைக்கும் என்பதற்காக அவரைச் சேர்த்திருந்தார்கள். ஓடியாட நேரமில்லை, உடம்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. 1802 ஜூலையில் ஒரு விடியற்காலை, பதினாறு வயதில், ஓடிவிடத் தீர்மானித்தார். புத்தகங்கள் அடைத்த பெட்டியோ கனமென்றால் அப்படி ஒரு கனம். அதைத் தோளில் சுமந்து இறங்கிய வேலைக்காரன், ஹை மாஸ்டர் லாசனின் படுக்கையறைக்குப் பக்கத்தில் கால் இடறினான். பெட்டி படிப்படியாகக் குதித்து, லாசனின் அறைக் கதவிலேயே போய் மோதியது. வேலைக்காரனுக்கோ சிரிப்பு தாங்கவில்லை, டி குவின்சிக்கும் தொற்றிக்கொண்டது. இவ்வளவு அமர்க்களத்திலும் கிழவர் எழுந்திருக்கவில்லை! ஒரு பையில் ஆங்கிலக் கவிஞர், மறு பையில் யூரிபிடிஸின் நாடகங்கள் என்று கால்நடையாகக் கிளம்பினார் பையன்.

ஊர்ப் பணத்தில் வெளியூர்ப் பிள்ளைகளா என்ற கோபம் 19-ஆம் நூற்றாண்டில் நீதிமன்றம்வரை போனது. வருடக்கணக்கில் இழுத்த அந்த வழக்குக்குப் பின் விடுதி வாழ்க்கை ஒழிந்தது. இன்று அதைப் பகல்நேரப் பள்ளி என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் உயர்ந்த கல்விக் கொள்கை எதுவும் இல்லை, ஊர்க்காரர்களின் பிடிவாதம்தான் இருக்கிறது. 1859-ல் வந்த ஃபிரெடெரிக் வாக்கர் என்ற ஹை மாஸ்டர் அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தார். மில் வருமானம் மட்டும் போதாமல், இலவசப் பையன்களோடு கட்டணம் கட்டும் பையன்களும் சேர்ந்தார்கள். பள்ளி பெருத்தது. பிறகு 1931-ல் நெரிசலான லாங் மில்கேட் தெருவை விட்டு, நகரின் தெற்கே ஃபாலோஃபீல்டில் விசாலமான இடத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய கட்டடத்தில் ஒரு பகுதியை 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுகள் அழித்தன.

போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள்தான் என் கணக்கில் இதன் பொற்காலம். மில் இருந்த இடத்துக்கு இப்போது அரசு வந்தது. ‘நேரடி மானியம்’ என்ற ஏற்பாட்டின்படி, குறைந்தது கால்வாசி இடங்கள் அரசு தொடக்கப் பள்ளியிலிருந்து வரும் பையன்களுக்கு இலவசம். மற்றவர்களுக்குக் கட்டணம் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத்தான், மீதியை அரசு தந்தது. பதினொரு வயதில் நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் போதும். தகப்பன் யார் என்ற கேள்வி இல்லை. எரிக் ஜேம்ஸ் ஹை மாஸ்டராக இருந்த 1945 முதல் 1962 வரை, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் உதவித்தொகைகளை அள்ளுவதில் பெரிய பெரிய விடுதிப் பள்ளிகளே இதைப் பொறாமையோடு பார்த்தன. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வின் திரைக்கதையை எழுதிய ராபர்ட் போல்ட், சிறு கடைக்காரர் மகன், இங்கே படித்தவர். தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த நாவலாசிரியர் ஆலன் கார்னரும் அப்படியே. காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லி, கிருஷ்ண பான்ஜி என்ற சொந்தப் பெயரில் இந்தப் பள்ளிச் சட்டையைப் போட்டுத் திரிந்தவர்தான். சட்டையில் இருக்கும் ஆந்தை ஓல்டம் ஆயரின் சின்னம். நம்மூரில் ஆந்தை அலறினாலே ஆகாது என்பார்கள். அங்கே அம்மாக்கள் அதைத் தேடித் தைத்தார்கள்.

தேறாத பையன்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிப்பது அநியாயம் என்ற தொழிற்கட்சி அரசு, 1975-ல் நேரடி மானியத்தை நிறுத்தியது. எல்லோரையும் சேர்க்கும் அரசுப் பள்ளியாக மாறு, இல்லையென்றால் சொந்தக் காலில் நில் என்றது. மான்செஸ்டர் 1976-ல் தனியாரானது. ஏழைகளுக்கென்று பிறந்து ஏழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த பள்ளியை, சமத்துவத்தின் பெயரில் காசுள்ளவர்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அரசின் வாதத்தில் நியாயம் இருந்தது, விளைவில்தான் இல்லை. 1980-ல் கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்த உதவித் திட்டம் சிறிது காலம் தாங்கியது. 1997-ல் ஆட்சி மாறியதும் அதுவும் போனது. அதன் பிறகு பழைய மாணவர்களிடம் நிதி திரட்டித்தான், கட்ட முடியாத வீட்டுப் பையன்களுக்கு இடம் தருகிறார்கள். 2015-ல் பள்ளி ஐந்நூறாம் ஆண்டைக் கொண்டாடியபோதும் பேச்சு அந்த நிதியைச் சுற்றியே இருந்தது.

2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டிருக்கிறது இன்னொரு தொழிற்கட்சி அரசு. அந்தப் பணம் அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வைக்கத்தான் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் மால்ட் அரைத்துப் படிக்க வைத்த பள்ளியில், இப்போது பெற்றோர் தம் பையனுக்கும் கட்டி, அடுத்த தெருப் பையனுக்கும் கட்டுகிறார்கள்.