சென்னை எஃப்.எம். மதுராந்தகம் தாண்டினா ஏன் கரகரக்குது? சிக்னல் முதல் சினிமா பாட்டு வரை... முழு விளக்கம்!

சென்னையிலிருந்து காரில் தெற்கே கிளம்புபவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். தாம்பரம் வரை தெளிவா பாடிக்கிட்டு வந்த எஃப்.எம்., செங்கல்பட்டு தாண்டியதும் லேசா கரகரக்க ஆரம்பிக்கும். மதுராந்தகம் நெருங்கும்போது பாட்டு பாதி, இரைச்சல் பாதி. அதுவும் ஒரு ஸ்டேஷன் மட்டும் இல்லை; தனியார் எஃப்.எம்.கள் கிட்டத்தட்ட எல்லாமே அடுத்தடுத்து மங்கிப்போகும்.

ஆனா கொடைக்கானல் பண்பலை 100.5, மலைக்குக் கீழே பல மாவட்டங்களில் கேட்குது. அது எப்படி? எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் சினிமா பாட்டுதானே வருது, அது ஏன்? தனியார் எஃப்.எம்.மில் செய்தி ஏன் வாசிப்பதில்லை? புயல் வந்து செல்போன் டவர் படுத்துட்டா எந்த எஃப்.எம். கைகொடுக்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

93.5, 98.3... இந்த எண்கள் என்ன?

இவை ஒலிபரப்பு அலைவரிசையைக் குறிக்கும் எண்கள். அலகு மெகாஹெர்ட்ஸ். 93.5 என்றால் அந்த நிலையத்தின் அலை ஒரு விநாடிக்கு 9 கோடியே 35 லட்சம் முறை அதிர்கிறது என்று பொருள். உங்க ரேடியோவில் எஃப்.எம். வரிசை பெரும்பாலும் 88-ல் தொடங்கி 108-ல் முடியும். அதற்குள்தான் எல்லா நிலையங்களும் இடம் பிடிக்கணும்.

சென்னையில் 91.1, 92.7, 93.5 என வரிசையாக வரும் எண்களைக் கவனிச்சிருப்பீங்க. 92.7-க்கும் 93.5-க்கும் நடுவில் ஏன் எதுவும் இல்லை? ஒரே ஊரில் இரண்டு நிலையங்கள் ரொம்ப நெருக்கமா இருந்தா, ஒன்றின் ஒலி மற்றொன்றில் கலந்துவிடும். அதனால்தான் ஒரு நகரத்துக்குள் தனியார் நிலையங்களுக்கு இடையே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விடப்பட்டது. ஒரு ஊரில் இத்தனை எஃப்.எம்.தான் என்ற எண்ணிக்கை வரம்புக்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்னல் எவ்வளவு தூரம் போகும்?

எஃப்.எம். அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் தரை கீழே வளைந்துவிடும். அலை தலைக்கு மேலே போய்விடும். ஆகவே பவரை விட முக்கியமானது ஆன்டெனாவின் உயரம்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை தொடும் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். 100 மீட்டர் உயரம் என்றால் சுமார் 41 கிலோமீட்டர். 150 மீட்டர் என்றால் சுமார் 50 கிலோமீட்டர். அதற்கு அப்பாலும் அலை கொஞ்சம் வளைந்து போகும். ஆனா வேகமா வலுவிழக்கும். செங்கல்பட்டு தாண்டியதும் கரகரப்பு தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

எல்லா தனியார் எஃப்.எம்.களும் ஒரே பகுதியில் மங்குவதற்கும் காரணம் உண்டு. 2005-ல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கையிலிருந்து, ஒரு நகரத்தின் தனியார் நிலையங்கள் பொதுவான ஒரே கோபுரத்திலிருந்து ஒலிபரப்பும் ஏற்பாடு வந்தது. ஸ்டுடியோக்கள் வேறு வேறு தெருவில் இருக்கலாம். அலை கிளம்பும் இடம் ஒன்றுதான்!

கொடைக்கானலுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

மலைதான் ஸ்பெஷல். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் கொடைக்கானல். அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடிவானம் சுமார் 184 கிலோமீட்டர் தள்ளிப்போகும். சமவெளியில் எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்ட முடியாது. அதனால்தான் ஆகாசவாணியின் கொடைக்கானல் பண்பலை திண்டுக்கல், தேனி, மதுரை என்று பல மாவட்ட மக்களுக்கும் சொந்த ஊர் ரேடியோ மாதிரி ஆகிவிட்டது.

மலை உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு குன்று நின்றால், பக்கத்திலேயே இருந்தாலும் அதன் மறைவில் சிக்னல் விழாது. மலைப்பாதையில் ஒரு வளைவில் பாட்டு கேட்டு, அடுத்த வளைவில் காணாமல் போவது இதனால்தான்.

பவரை யார் முடிவு செய்வது?

மத்திய அரசின் கொள்கை. தனியார் எஃப்.எம்.முக்காக நகரங்கள் ஏ பிளஸ், ஏ, பி, சி, டி என மக்கள்தொகைப்படி பிரிக்கப்பட்டன. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நான்கும் ஏ பிளஸ். இங்கே அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 25 முதல் 50 கிலோவாட். 1 லட்சத்துக்கு மேல் 3 லட்சம் வரை மக்கள் வாழும் டி பிரிவு ஊர்களுக்கு 1 முதல் 3 கிலோவாட்தான். ஆன்டெனா உயரத்துக்கும் இதே மாதிரி படிநிலை உண்டு.

சுருக்கமா சொன்னா, தனியார் எஃப்.எம். உரிமம் என்பது ஒரு நகரத்துக்கானது. மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆனது இல்லை. நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கிடைப்பது அந்த அலையின் மிச்சம்தான்.

ஒரே எண், வேறு ஸ்டேஷன்: எப்படி?

சென்னையில் 92.7 வைத்தால் பிக் எஃப்.எம். கோவையில் அதே 92.7 சூரியன் எஃப்.எம். சென்னையில் சூரியனின் எண் 93.5. குழப்பமா இருக்கா? அலை ஒரு எல்லைக்குள் அடங்கிவிடுவதால், தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அதே எண்ணைத் திரும்பக் கொடுக்கலாம்.

இரண்டு ஊர்களின் அலையும் எட்டும் நடுவழியில் என்ன ஆகும்? எஃப்.எம். ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு சிக்னல் வந்தால், வலுவானதைப் பிடிச்சுக்கிட்டு மற்றதை அமுக்கிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு ஸ்டேஷன் பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென வேறொன்று குறுக்கே புகுந்தால், ரேடியோ ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம்.

இலங்கை எஃப்.எம். இங்கே கேட்பது எப்படி?

கடலோர ஊர்களில் சில இரவுகளில் இலங்கைத் தமிழ் நிலையங்கள் தெளிவா கேட்கும். கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலை நடுவில் சிக்கி குழாய்க்குள் போவது மாதிரி வெகுதூரம் போகும். வானிலை மாறினால் அதுவும் போய்விடும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாடே கேட்ட இலங்கை வானொலி கதை வேறு. அது எஃப்.எம். இல்லை. மத்திய அலை, சிற்றலைகளில் வந்தது. மத்திய அலை தரையை ஒட்டி நெடுந்தூரம் போகும். சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி நாடு தாண்டும். எஃப்.எம். அந்த தூரத்தை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் இரைச்சல் இல்லாத தெளிவை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியது சென்னையில்தான், 1977 ஜூலை 23-ல்.

எங்கே திருப்பினாலும் சினிமா பாட்டு ஏன்?

காரணம், காசு. தனியார் நிலையம் ஏலத்தில் பெரும் தொகை கட்டி அலைவரிசையை வாங்குது. அதற்குப் பிறகு ஆண்டுக் கட்டணமும் உண்டு. கேட்பவரிடமிருந்து ஒரு பைசா வராது. வருமானம் முழுக்க விளம்பரம்தான். விளம்பரதாரருக்கு வேண்டியது நகரத்தில் அதிகம் பேர். அதிகம் பேரைச் சேர்க்கும் சுலபமான வழி, எல்லாருக்கும் தெரிந்த சினிமா பாட்டு.

நாள் முழுக்க ஒரே மாதிரி பாட்டு போடுவதும் இல்லை. காலையில் உற்சாகமான பாட்டும் டிராஃபிக் தகவலும், பகலில் வீட்டிலும் கடையிலும் இருப்பவர்களோடு போன் பேச்சு, மாலையில் புதுப்பட ஹிட்ஸ், இரவில் இளையராஜா காலத்து மெலடி... யார், எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டு கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்த வரிசை.

பாட்டுக்கும் விலை உண்டு. ஒலிப்பதிவு உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு எஃப்.எம். நிலையங்கள் ராயல்டி தரணும். 2010-ல் காப்புரிமை வாரியம் அதை நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என நிர்ணயித்தது. 2020 டிசம்பரில் வந்த உத்தரவு, ஊரையும் ஒலிபரப்பும் நேரத்தையும் பொறுத்து மணிக்கணக்கில் கட்டணம் என்று அதை மாற்றியது. இவ்வளவு செலவுக்கு நடுவில், கிராமியப் பாடலையோ புதுப் பாடகரையோ தினமும் போட்டுப் பார்க்க ஒரு வணிக நிலையம் யோசிக்கத்தான் செய்யும்.

தனியார் எஃப்.எம்.மில் செய்தி ஏன் இல்லை?

அனுமதி இல்லை. "அலைவரிசை பொதுச் சொத்து" என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 1999-ல் தனியாருக்கான எஃப்.எம். கொள்கை வந்தது, 2001-ல் பெங்களூருவில் முதல் தனியார் நிலையம் தொடங்கியது. ஆனா செய்தி மட்டும் ஆகாசவாணியின் கையிலேயே இருந்தது.

2011-ன் மூன்றாம் கட்டக் கொள்கை கொஞ்சம் கதவைத் திறந்தது. ஆகாசவாணி செய்தியறிக்கையை, ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, விளையாட்டுத் தகவல், தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர் அறிவிப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் இயற்கைச் சீற்ற எச்சரிக்கை ஆகியவை செய்தி அல்லாத தகவல் என்று அனுமதிக்கப்பட்டன. சொந்தமாக செய்தி சேகரித்து வாசிப்பது இன்னும் முடியாது.

சமுதாய வானொலி என்றால் என்ன?

மூன்றாவது வகை இது. வருமானத்துக்காக இல்லாமல், ஒரு சிறு வட்டார மக்களுக்காக நடத்தப்படுவது. நாட்டின் முதல் சமுதாய வானொலி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4. 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

இதற்கு அனுமதிக்கப்படும் திறன் வழக்கமாக 100 வாட். ஆன்டெனா உயரம் 30 மீட்டர் வரை. சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் போகும். சென்னையின் ஒரு தனியார் நிலையத்தோடு ஒப்பிட்டால் திறனில் சில நூறில் ஒரு பங்குதான். ஆனா பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை 90.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடல் எப்படி இருக்கு, காற்று எப்படி வீசுது என்பதுதான் அங்கே முக்கிய நிகழ்ச்சி. ஒரு பெருநகர நிலையம் அதை ஏன் சொல்லப்போகுது?

புயல் வந்தால் எதைத் திருப்பணும்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. செல்போனும் வேலை செய்யவில்லை. அந்த மாதிரி நேரத்தில் வெளியுலகத்தோடு தொடர்பு தருவது பேட்டரி ரேடியோ. தொலைவில் ஒரு கோபுரம் நின்றால்கூட போதும், நடுவில் எந்த டவரும் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூரில் 107.8-ல் பேரிடர் கால வானொலியே தற்காலிகமாக இயக்கப்பட்டது.

இதை மனதில் வைத்துத்தான், போன்களில் இருக்கும் எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு போன் நிறுவனங்களை அறிவுறுத்தியது.

இங்கே நிறைய பேர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. ஆப்பில் கேட்பது எஃப்.எம். இல்லை, அது இன்டர்நெட். டேட்டா போனால் அதுவும் போச்சு. போனில் உள்ள நிஜ எஃப்.எம்.முக்கு டேட்டாவோ சிம்மோ வேண்டாம். ஆனா பெரும்பாலான போன்களில் வயர் ஹெட்செட் சொருகணும். அந்த வயர்தான் ஆன்டெனா. எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பியோ வயரோ இருந்தால் சிக்னல் நல்லா பிடிக்கும். புளூடூத் இயர்பட்ஸ் இந்த வேலையைச் செய்யாது.

இப்போதே செய்து வைக்கக்கூடியவை:

* உங்க போனில் எஃப்.எம். வசதி இருக்கான்னு பாருங்க. இருந்தால் ஒரு வயர் ஹெட்செட் வீட்டில் இருக்கட்டும்.
* இல்லையென்றால், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று போதும்.
* உங்க ஊரில் எந்த ஆகாசவாணி நிலையம் எடுக்குது, பக்கத்தில் சமுதாய வானொலி இருக்கா என்று இப்போதே திருப்பிப் பார்த்து, எண்ணை எழுதி வையுங்க.
* வீட்டுக்குள் கரகரத்தால் ஜன்னல் பக்கமோ மாடிக்கோ போங்க. உயரம்தான் எஃப்.எம்.முக்கு பலம்.

2024 ஆகஸ்ட்டில் 234 புதிய நகரங்களில் 730 தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், சமுதாய வானொலிகள் ஒரு மணி நேரத்தில் ஒலிபரப்பும் விளம்பரம் 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தப்பட்டது. முதலாவது சின்ன ஊர்களுக்கும் பாட்டு கொண்டுவரும். இரண்டாவது, கடல் நிலவரம் சொல்லும் சின்ன நிலையங்கள் மூடாமல் இருக்க உதவும். ரேடியோவில் நல்ல பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாளில்தான் தெரியும்.